காட்டேரிக்கு முன்பே இருண்ட ஊர்

ஸ்டீபன் கிங்கின் ‘சேலம்ஸ் லாட்’ 1975 அக்டோபரில் வெளிவந்தது. அன்றிலிருந்து அதைப் படித்தவர்கள் சொல்லிவரும் குறை ஒன்று மாறாமல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது: முதல் பாதி நகரவே மறுக்கிறது. ரத்தக்காட்டேரிக் கதை என்று கையில் எடுத்தால் பால் கறக்கும் பையன்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், வீட்டுத் தரகர், விடுதி நடத்தும் விதவை என்று ஆள் மேல் ஆள் வருகிறார்கள். யாரை நினைவில் வைப்பது, யாரை விடுவது என்று தெரியவில்லை. காட்டேரி மட்டும் வந்தபாடில்லை. இதே நாவலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களைக் கேட்டால் அவர்கள் முதலில் புகழ்வதும் அந்த ஊரைத்தான். ஊர்தான் நாவல், காட்டேரி முழுசாக வெளியே வந்த பிறகு சிலுவை, பூண்டு, மரமுளை என்று பழகிய தடத்தில் கதை ஓடத் தொடங்கிவிடுகிறது என்பது அவர்கள் கட்சி. குறை சொல்பவர்களும் கொண்டாடுபவர்களும் பேசுவது ஒரே பக்கங்களைப் பற்றி என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒருவருக்குச் சலிப்பூட்டிய அதே பால்காரனும் தரகரும் இன்னொருவருக்கு நாவலின் உயிராகத் தெரிகிறார்கள். இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: ஊரைச் சொல்லும் பகுதி வேறு, பயமுறுத்தும் பகுதி வேறு. இந்தப் பிரிவினைதான் தவறு என்பது என் வாதம். ஊரைச் சொல்லும் பக்கங்களிலேயே பயம் முழுதாக இருக்கிறது. அண்டை வீட்டின் அந்தரங்கம் வரை அறிந்துவைத்திருந்தும், அறிந்ததை வைத்து ஒரு விரலைக்கூட அசைக்காத ஊர் ஒன்று உண்டென்றால், அதை ஒருவன் எவ்வளவு எளிதாக விழுங்கிவிடலாம் என்பதே இந்த நாவல் காட்டும் பயங்கரம்.

நாவல் பிறந்த விதமே இதற்கு முதல் தடயம். கிங் அப்போது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹாம்ப்டன் அகாடமி என்ற பள்ளியில் ஆங்கில ஆசிரியர். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய ‘டிராகுலா’வை மாணவர்களுக்குப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவு உணவின்போது, டிராகுலா இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று பேச்சு வந்தது. நியூயார்க்கில் வந்து இறங்கினால் டாக்ஸியில் அடிபட்டுப் போவான் என்பது முதலில் எழுந்த எண்ணம். பெருநகரம் வேண்டாம், ஒரு சிற்றூருக்கு வந்தால் என்று கேள்வி திரும்பியபோதுதான் நாவல் பிறந்தது. அதாவது, காட்டேரிக்கு எந்த மாதிரி ஊர் தோதுப்படும் என்பதே எழுத்தாளர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட முதல் கேள்வி. டிராகுலாவை அவர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் ஸ்டோக்கரிடமிருந்து ஆயத்தமாகக் கிடைத்தான். கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஊரைத்தான். ஊரின் முழுப்பெயர் ஜெருசலேம்ஸ் லாட். பேச்சுவழக்கில் தேய்ந்து சேலம்ஸ் லாட் ஆனது. நம் சேலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பெயருக்குக் கிங் சொல்லும் மூலக்கதை அழகானது: பழங்காலக் குடியானவர் ஒருவரின் ஜெருசலேம் என்ற பன்றி பட்டியை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி, மூர்க்கமாகிவிட்டது. ஜெருசலேமின் காட்டுப்பக்கம் போகாதீர்கள் என்று அவர் பிள்ளைகளை எச்சரித்த சொல்லே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. புனித நகரத்தின் பெயர் என்று வெளியாள் நினைப்பது, வளர்த்தவன் கையை மீறிப்போன ஒரு மிருகத்தின் பெயர். காட்டுக்குள் ஏதோ இருக்கிறது, பிள்ளைகள் போகக்கூடாது என்று ஊருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். பெயரிலேயே வைத்திருக்கிறது, அர்த்தத்தைத்தான் மறந்துவிட்டது.

சலிப்பூட்டுவதாக அதிகம் பழிக்கப்படும் அத்தியாயம், ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட வரிசையில் முதலாவது. 1975 செப்டம்பரில் ஒரே ஒரு நாளை, விடியற்காலை நான்கு மணி தொடங்கி நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு வரை, கடிகார நேரம் போட்டுச் சொல்கிறது அது. கிரிஃபன் வீட்டுப் பையன்கள் தொழுவத்தில் பால் கறக்கிறார்கள். ஏவா மில்லர் தன் விடுதியில் வேலையைத் தொடங்குகிறாள். சாண்டி மக்டூகல் என்ற பதினேழு வயதுத் தாய், டிரெய்லர் வீட்டுக்குள் அழும் கைக்குழந்தையை அடிக்கிறாள். அடித்த மறுகணமே பதறி அணைத்துக்கொள்கிறாள். பேருந்து ஓட்டும் சார்லி ரோட்ஸ் பிள்ளைகளை மிரட்டியே வண்டியை அமைதியாக வைத்திருக்கிறான். மேபல் வெர்ட்ஸ் என்ற கிழவி ஜன்னலோரம் பைனாகுலரும் தொலைபேசியுமாக உட்கார்ந்து ஊரை மேய்கிறாள். ஒருவன் மனைவி இன்னொருவனோடு இருக்கிறாள். குப்பைமேட்டுக் காவல்காரன் டட் ராஜர்ஸ் எலிகளைச் சுட்டு மகிழ்கிறான். இரவின் கடைசிப் பதிவில், கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவருகே ஓர் உருவம் ஒரு குழந்தையின் உடலைத் தன் இருண்ட தெய்வத்துக்குப் படைக்கிறது. அவசரமாகப் படிக்கிறவர், கடைசி ஒரு பக்கத்துக்காக இத்தனை பக்கம் காக்க வைத்தாரே என்று நினைப்பார். ஆனால் கடிகாரத்தைக் கவனித்துப் பார்த்தால் ஆசிரியர் செய்திருப்பது விளங்கும். குழந்தையை அடித்ததற்கும் குழந்தையைப் பலி கொடுத்ததற்கும் ஒரே மாதிரியான நேரக்குறிப்புதான். பலிக்கென்று தனி எழுத்தோ தனி ஓசையோ இல்லை. ஊரின் ஒருநாள் அலுவல்களில் அதுவும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. காலையில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் கேட்கவில்லை. இரவில் நடந்ததும் அப்படியே.

சாண்டியின் கதையை இன்னும் கொஞ்சம் தொடர்வோம், ஏனென்றால் நாவல் முழுவதிலும் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத பக்கம் அங்குதான் இருக்கிறது. பிறகொரு காலையில் அவள் விழிக்கும்போது வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருக்கிறது. குழந்தை அழவில்லை. தொட்டிலில் அது வெளிறிக் கிடக்கிறது. அவள் அதைத் தூக்கிக் குழந்தை நாற்காலியில் உட்காரவைத்து, இனிப்புக் கூழைக் கரண்டியில் எடுத்து வாயில் ஊட்டுகிறாள். கூழ் உள்ளே போகாமல் வழிகிறது. சாப்பிடு, சாப்பிடு என்று கெஞ்சுகிறாள். காட்டேரி அந்த அறையில் இல்லை. அது இரவிலேயே வந்து போயிருந்தது. வாசகரைக் கலங்கடிப்பது பல்லோ ரத்தமோ இல்லை, அந்தக் கரண்டி. அதுவும் ஏன்? நூறு பக்கங்களுக்கு முன்னால் அதே வீட்டில், அதே கையால் அந்தக் குழந்தை அடிபட்டதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பழைய பக்கத்தை வெட்டிவிட்டால் இந்தக் காட்சி வெறும் சோகமாகிவிடும். இருப்பதனால் அது தாங்கமுடியாததாகிறது: அடித்ததற்குப் பரிகாரமாக அவள் நினைத்திருந்த அன்பெல்லாம் இனி செல்லாது. நிதானமான முதல் பாதி, வாசகருக்குத் தெரியாமலேயே இப்படிக் கடனாகக் கொடுத்துவைத்ததை இரண்டாம் பாதி வட்டியும் முதலுமாக வசூலிக்கிறது.

காட்டேரிக்கு வீடு கிடைத்த விதத்தைப் பாருங்கள். காட்டேரியான குர்ட் பார்லோவின் முகவராக வரும் ஸ்ட்ரேக்கர், மலைமேல் பாழடைந்து கிடக்கும் மார்ஸ்டன் மாளிகையையும் ஊருக்குள் மூடிக்கிடக்கும் ஒரு சலவைக்கடையையும் கேட்டு வீட்டுத் தரகர் லாரி குரோக்கெட்டிடம் வருகிறான். விலை ஒரு டாலர். அதற்குக் கைம்மாறாக, போர்ட்லாண்டில் பெரிய வணிக வளாகம் வரப்போகும் நிலத்தின் பத்திரங்களைக் குரோக்கெட்டின் மேசையில் வைக்கிறான். பல லட்சம் டாலர் பெறுமானமுள்ளவை. இதில் ஏதோ சரியில்லை என்று குரோக்கெட்டுக்குத் தெரியாமல் இல்லை. பேய் பிசாசெல்லாம் அவர் மனத்தில் வராவிட்டாலும், இப்படி யாரும் வியாபாரம் செய்யமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போடுகிறார். பெரிய பெட்டி ஒன்றை மாளிகை நிலவறையில் இறக்கிவைக்கப் போன கூலியாட்கள் அங்கே காணாமல்போன ஒரு சிறுவனின் உடைகளைப் பார்த்துவிட்டு நடுங்கி வந்து நிற்கும்போது, அவர்களை வாய்திறக்காமல் இருக்கச் செய்வதும் அவர்தான். காட்டேரி அழைப்பில்லாமல் வாசற்படியைத் தாண்டாது என்பது பழைய நம்பிக்கை. கிங் அதை ஊருக்கே பொருத்திவிட்டார். முதல் அழைப்பு ஒரு விற்பனைப் பத்திரத்தில் வருகிறது. அழைத்தது ஊரின் பெரிய மனிதர். இந்த வியாபாரப் பேச்சை இழுவை என்று தள்ளும் வாசகர், நாவலின் முதல் கொலைக்கான ஆயத்தத்தைத் தள்ளிவிடுகிறார் என்றே சொல்வேன்.

பிறகு ஊர் எப்படிக் காலியாகிறது? படையெடுப்பு எதுவும் நடப்பதில்லை. ஒருவன் உடம்பு சரியில்லை என்று படுக்கிறான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று திரையை இழுத்துவிடுகிறான். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. கடை திறக்கவில்லை. காய்ச்சல் பரவுகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது நம் பழமொழி. இந்த நாவலில் ஊர்வாய் மூடப்படுகிறது, ஒவ்வொரு தொலைபேசியாக. அடித்தால் எடுக்க ஆளில்லாத வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஊரைப் பற்றிய மூன்றாவது அத்தியாயத்தில் கிங் கதையை நிறுத்திவிட்டு, இந்த ஊர் உள்ளுக்குள் புதைத்துவைத்திருக்கும் ரகசியங்களைக் கணக்கெடுக்கிறார். 1951-இல் ஊரில் பாதியைத் தின்ற பெருந்தீயை வைத்தவன் யார் என்பது அவற்றில் ஒன்று. ஊருக்கு அது கடைசிவரை தெரியாது. ரகசியம் காப்பதிலும் இருட்டோடு குடித்தனம் நடத்துவதிலும் அந்த ஊருக்கு இருநூறு ஆண்டுப் பழக்கம் உண்டு. புதிதாக வந்த இருட்டு இன்னும் ஒரு ரகசியம், அவ்வளவுதான். புறணி பேசுவது என்பது ஒருவரையொருவர் அறிந்திருப்பதாகும், ஆனால் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதாகாது. இந்த வித்தியாசத்தை வாசகர் உணர வேண்டுமானால், மேபல் வெர்ட்ஸின் தொலைபேசிப் பேச்சு முதலில் அலுப்புத் தரும் அளவுக்கு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மௌனம் எப்படிக் கேட்கும்?

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு எளிமையானது, நேர்மையானதும்கூட. சலிப்பு சலிப்புதான், அதற்குப் பின்னால் இவ்வளவு நோக்கம் இருந்தது என்று விளக்குவது, படிக்கும்போது தூக்கம் வந்தவரைக் குற்றவாளியாக்குவதல்லவா? இதில் பாதி உண்மை. நாவலில் தளர்ந்த பக்கங்கள் உண்டு. எழுத்தாளன் பென் மியர்ஸுக்கும் சூசன் நார்ட்டனுக்கும் இடையிலான காதல் பேச்சுகள் ஊர்க்காட்சிகளின் கூர்மையில் கால்பங்குகூட இல்லை. இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறதே தவிர, அது கண்ணில் படுவதில்லை. அதைச் சலிப்பு என்று சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் இன்னொரு பாதி, வாசகர் எதை எதிர்பார்த்து வருகிறார் என்பதைப் பொறுத்தது. 1976-இல் வந்த சிக்னெட் மலிவுப் பதிப்பின் முகப்பு முழுக்கக் கறுப்பு. புடைத்தெழுந்த ஒரு சிறுமியின் முகமும் ஒரே ஒரு சிவப்பு ரத்தத்துளியும் மட்டும். தலைப்புகூட முன்னட்டையில் இல்லை. அந்த நூலைக் கடையில் எடுத்தவருக்கு, இந்த ஊரில் என்ன நடக்கிறது என்பதே கேள்வியாக இருந்திருக்க முடியும். நாவலுக்குள்ளும் காட்டேரி என்ற சொல்லை யாரும் எளிதில் உரக்கச் சொல்வதில்லை. நாணத்தோடும் தயக்கத்தோடும்தான் அது வெளியே வருகிறது. இன்றைக்கு இந்நூலை எடுப்பவருக்கு விடை முன்பே தெரியும். விடுகதையின் விடையை அறிந்துகொண்டு கேட்பவருக்கு விடுகதை நீளமாகத்தான் படும். ஆகவே இந்தச் சலிப்பில் ஒரு பங்கு எழுத்தின் குறை. பெரும்பங்கு அரைநூற்றாண்டுப் புகழ் நாவலுக்குச் செய்த தீங்கு.

இதற்கே ஒருவர் எதிர்க்கேள்வி போடலாம்: ஆசிரியரே முன்னுரைக் காட்சியில் முடிவைச் சொல்லிவிட்டாரே? உண்மைதான். நாவல் தொடங்கும்போதே ஊர் அழிந்து ஓராண்டாகிவிட்டது. பெயர் சொல்லப்படாத ஒரு மனிதனும் ஒரு சிறுவனும் ஊர் ஊராகத் திரிந்து மெக்சிகோவில் ஒதுங்கியிருக்கிறார்கள். அந்த மனிதன் மெய்ன் மாநிலச் செய்தித்தாள் எங்கே கிடைத்தாலும் தேடிப் பார்க்கிறான். யார் பிழைப்பார்கள் என்ற கேள்வியைக் கிங் தானாகவே கைவிட்டுவிட்டார். வழக்கமான திகில் கதையின் முக்கியமான இழுவிசை அது. அதை முதல் பக்கங்களிலேயே இழக்கத் துணிபவர், வேறொன்றை அதனிடத்தில் வைக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். அவர் வைப்பது, ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஒரு ஊர் பக்கத்து ஊர்கள் பதறாமலேயே எப்படி இல்லாமல் போகும் என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படிப்பவருக்கு ஊர்க்காட்சிகள் ஒவ்வொன்றும் சாட்சியம். காட்டேரி எப்போது வரும் என்று பக்கம் புரட்டுபவருக்கு அவை தடங்கல்.

என் வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஊரை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதைத் திரையுலகம் நமக்காகச் செய்து காட்டியிருக்கிறது. 1979 நவம்பரில் டோபி ஹூப்பர் இயக்கத்தில் தொலைக்காட்சியில் இரண்டு பகுதிகளாக வந்த வடிவம், பாத்திரங்களைச் சுருக்கினாலும் ஊருக்கு நேரம் ஒதுக்கியது. பேசும், வாதிடும் பார்லோவை அது நீலம்பாய்ந்த ஊமை மிருகமாக்கியது வாசகர் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் மிதந்துகொண்டு கண்ணாடியைக் கீறும் சிறுவனைப் பார்த்தவர்கள் இன்றுவரை மறக்கவில்லை. 2024-இல் கேரி டாபர்மன் இயக்கிய படம் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டது. நாவலைக் குறித்து எழும் இழுவை என்ற குறை இங்கே எழ வழியே இல்லை. எழுந்தது நேர் எதிரான குறை: எல்லாம் அவசரம், சாகிறவர்கள் யார் என்று தெரிவதற்குள் செத்துப்போகிறார்கள், ஊர் என்ற ஒன்றே இல்லை. அந்தப் படத்தின் இறுதி மோதல் காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கில் நடக்கிறது. காட்டேரிகள் எல்லாம் கார்களின் பின்பெட்டிகளில் ஒரே இடத்தில் உறங்குகின்றன. கண்ணுக்கு அது எடுப்பான காட்சி. ஆனால் நாவலில் காட்டேரிகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவதில்லை. அவரவர் வீட்டு நிலவறையில், படியடியில், தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பின்னால், உயிரோடு இருந்தபோது வாழ்ந்த அதே நான்கு சுவர்களுக்குள் கிடக்கிறார்கள். அவர்களைத் தேடுபவர்கள் கதவு கதவாகத் தட்டிப் போக வேண்டியிருக்கிறது. செத்த பிறகும் அவர்கள் ஒன்றுசேர்வதில்லை. இந்த ஒரு மாற்றத்தில் படம் நாவலின் மையத்தையே தவறவிட்டது என்பது என் முடிவு.

கொண்டாடும் தரப்பின் குறைக்கும் பதில் சொல்ல வேண்டும். பிற்பாதி வழக்கமான காட்டேரி வேட்டை என்கிறார்கள். பூண்டும் சிலுவையும் முளையும் பழையவைதான். கிங் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பழைய பொருள்கள் யாரிடம் வேலை செய்கின்றன, யாரிடம் தோற்கின்றன என்று பார்க்க வேண்டும். டேனி கிளிக் என்ற செத்த சிறுவன் இரவில் மார்க் பெட்ரி என்ற சிறுவனின் ஜன்னலுக்கு வருகிறான். உள்ளே விடு என்கிறான். மார்க்குக்கு வயது பன்னிரண்டு. அவன் கைக்கு எட்டியது, தானே ஒட்டிச்செய்த பேய்ப்பொம்மைக் கல்லறைக் காட்சியிலிருந்து பிடுங்கிய பிளாஸ்டிக் சிலுவை. அது வேலை செய்கிறது. காலஹன் பாதிரியாரின் கையில் இருப்பது உண்மையான சிலுவை. மார்க்கை விடுவிக்க வேண்டுமானால் சிலுவையை எறிந்துவிட்டு என்னோடு நேருக்கு நேர் நில் என்று பார்லோ பேரம் பேசுகிறான், பாதிரியார் ஒப்புக்கொள்கிறார், சிறுவன் விடுபடுகிறான், ஆனால் தன் வாக்குப்படி எறிய பாதிரியாருக்கு மனம் வரவில்லை. பிடித்துக்கொண்டிருக்கும் சிலுவையில் ஒளி மங்குகிறது, அணைகிறது. அவர் நம்பியது அந்தப் பொருளைத்தான் என்று பார்லோ கண்டுகொள்கிறான். தன் ரத்தத்தை அவர் வாயில் புகட்டி அனுப்பிவிடுகிறான். அவர் தம் தேவாலயக் கதவைத் தொடும்போது கை பொசுங்குகிறது; பேருந்தேறி ஊரைவிட்டுப் போகிறார். இது ஊரின் கதையிலிருந்து விலகிய தனிச் சாகசமன்று. ஊரில் கதவுகள் இருந்தன, காவலர் இருந்தார், தேவாலயம் இருந்தது, தொலைபேசி இருந்தது. எல்லாம் பொருளாக இருந்தன, பொருளுக்குப் பின்னால் நிற்க வேண்டிய மனிதர்கள் பின்வாங்கியிருந்தார்கள். முதல் பாதி நிறுவிய அதே உண்மையை ஒரே மனிதரின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறது இந்தக் காட்சி.

இன்னும் கடுமையான ஒரு ஆட்சேபம் உண்டு. அயல்நாட்டு உச்சரிப்போடு வரும் அந்நியன் ஒருவன் நல்ல ஊரைக் கெடுத்தான் என்று சொல்லும் கதை, வந்தேறிகள் மீதான பழைய வெறுப்பை ஊட்டுவதாகாதா? டிராகுலா மரபின் மேல் இந்தக் குற்றச்சாட்டு நியாயமாகவே வைக்கப்படுகிறது; பார்லோவின் தோற்றத்திலும் பேச்சிலும் அந்த மரபின் கறை ஒட்டிக்கொண்டிருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாவலின் காரியகாரணத்தைத் தொடர்ந்து போனால் விரல் ஊரை நோக்கித் திரும்புகிறது. பார்லோவோடு பல ஆண்டுகளுக்கு முன்பே கடிதத் தொடர்பு வைத்திருந்தவன் ஹூபி மார்ஸ்டன். 1939-இல் மனைவியைச் சுட்டுவிட்டுத் தூக்கில் தொங்கியவன். வீட்டை விற்றவர் குரோக்கெட். சிறுவர்கள் காணாமல் போனதும் ஊர் சந்தேகிக்கும் அந்நியன் பார்லோவோ ஸ்ட்ரேக்கரோ இல்லை. ஊருக்காகக் கடைசிவரை நிற்கப்போகும் பென் மியர்ஸ். இறுதியில் பார்லோ மலைமேல் உள்ள கெட்ட வீட்டைக் காலிசெய்துவிட்டு ஒளிந்துகொள்ளும் இடம் எது? ஏவா மில்லரின் விடுதி நிலவறை. பென் தங்கியிருந்த அதே கட்டடம். மலைமேலிருந்த மாளிகையைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, ஆபத்து தாங்கள் படுத்துறங்கும் வீட்டின் அடியில் படுத்திருந்தது. சூசன் விஷயத்தில் மட்டும் வாசகர்களின் குறைக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அறிவும் துணிவும் உள்ளவளாக அறிமுகமாகும் பெண், கதாநாயகனின் துயரத்தை ஆழமாக்குவதற்காகவே பலியாகிறாள். ஊர்ப்பெண்கள் பலரை இரண்டே பக்கத்தில் உயிரோடு நிறுத்திய எழுத்தாளர், நாயகிக்கு அந்த நியாயத்தைச் செய்யவில்லை.

கிங் தம் ஊரை இகழ்ந்து எழுதினார் என்பாரும் உண்டு. சிற்றூர் வாழ்வின் மூடிய கதவுகளைத் திறந்துகாட்டிய அமெரிக்க நாவல்களின் வரிசையில், கிரேஸ் மெட்டாலியஸ் 1956-இல் எழுதிய ‘பேட்டன் பிளேஸ்’ முன்னே நிற்கிறது. சாதாரண ஊரின் சாதாரண நாள்களை மரணத்தின் பக்கமிருந்து பார்த்துக் கண்கலங்க வைத்தது தார்ன்டன் வைல்டரின் 1938 நாடகமான ‘அவர் டவுன்’. இந்த இரண்டின் சாயலும் ‘சேலம்ஸ் லாட்’டில் தெரியும், ஏளனம் முதலாவதிலிருந்து வந்தால் பாசம் இரண்டாவதிலிருந்து வருகிறது. கிங் வளர்ந்தது மெய்னில் டர்ஹாம் என்ற சிற்றூரில். அங்கு இருந்த பாழ்வீடு ஒன்றே மார்ஸ்டன் மாளிகைக்கு மாதிரி. தம் நாவல்களில் இது தமக்கு மிகவும் நெருக்கமானது என்றும், சிற்றூர்களைப் பற்றி அது சொல்வதே அதற்குக் காரணம் என்றும் 1987 நேர்காணல் ஒன்றில் அவர் கூறியிருக்கிறார். இன்னொரு வேரையும் அவர் காட்டியிருக்கிறார்: வாட்டர்கேட் விசாரணை நாள்தோறும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட நாவல் இது, மூடிய அறைகளில் இன்னும் என்னென்ன நடந்திருக்குமோ என்ற அச்சம் அதற்குள் புகுந்துகொண்டது. நாட்டின் மேலிடத்தில் மூடிமறைத்தவர்களைப் பார்த்துக் கோபப்பட்ட ஒருவர், தம் சொந்த ஊரின் மூடிய திரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதை இகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. ஊரை வெறுத்தவர் அதிகாலை நான்கு மணிக்குத் தொழுவத்தின் குளிரை இவ்வளவு பொறுமையாக எழுதமாட்டார்.

காவலர் பார்க்கின்ஸ் கில்லெஸ்பியின் கடைசிக் காட்சி இந்த எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கிறது. பென்னும் மார்க்கும் உதவி கேட்டுப் போகும்போது அவர் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறார். என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் சகோதரி வீட்டுக்குக் கிளம்புகிறார். இந்த ஊருக்கு உயிரில்லை, அதனால்தான் அவன் இங்கே வந்தான் என்ற பொருளில் பேசுகிறார். அறியாமையைக் கடந்து வந்துவிட்டோம் என்று வாசகர் நினைக்கும் இடத்தில், அறிந்தவரும் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார். 1977-இல் கிங் எழுதிய ‘ஒன் ஃபார் தி ரோட்’ என்ற சிறுகதை இதே ஊருக்குத் திரும்புகிறது. இம்முறை பக்கத்து ஊரிலிருந்து. ஊர் அழிந்து இரண்டு ஆண்டுகளாகியும் அங்கே ஏதோ நடமாடுகிறது என்று அண்டை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சட்டைக்குள்ளே சிலுவையும் ஜெபமாலையும் அணிந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருட்டிய பிறகு போவதில்லை. காவல்துறையிடமோ பத்திரிகையிடமோ யாரும் வாய் திறந்ததில்லை. பனிப்புயலில் வழிதவறி, மனைவியையும் மகளையும் லாட்டின் எல்லையில் காரிலேயே விட்டுவிட்டு உதவி தேடி ஓடிவந்த வெளியூர்க்காரன் மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழும்போது, அங்கே இருந்த இரண்டு கிழவர்களும் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.